கைக்கெட்டும் தூரத்தில் பிள்ளை

என் மகள் பிறந்த 9-வது நாள் ராத்திரி. குடியாத்தத்தில் அம்மா வீடு. மணி இரண்டு இருக்கும். பாயில் என் பக்கத்தில் கிடந்தவள் திடீரென்று மூச்சு விடுவதை நிறுத்திவிட்டாள். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரைக்கும் போனேன், வயிறு அசையவே இல்லை. தட்டி எழுப்பலாம் என்று கையை நீட்டும்போது மளமளவென்று ஐந்தாறு மூச்சை வேகமாக இழுத்தாள், அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி சீராகத் தூங்கினாள். எனக்கு விடியும்வரை கண் மூடவில்லை. காலையில் ஆயாவிடம், என் பாட்டியிடம், சொன்னேன். "பச்சப் புள்ள அப்பிடித்தான் மூச்சு வுடும் கண்ணு, அதுக்குத்தான் பக்கத்துல போட்டுக்கினு தூங்கணும்னு சொல்றது" என்றார்.

ஆயா சொன்னதில் முதல் பாதி சரி. பிறந்த குழந்தையின் மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதி இன்னும் முழுசாகப் பழகியிருக்காது. அதனால் விட்டு விட்டுத்தான் மூச்சு வரும். 5 விநாடி, 10 விநாடி நின்று, பிறகு வேகமாக நாலு மூச்சு, அப்புறம் சீராகும். முதல் சில மாதங்களில் இது சாதாரணம். 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, உதடோ நாக்கோ நீலம் பூத்தாலோ, உடம்பு துவண்டு போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதே மாதிரி தூக்கத்திலேயே முனகும், சிரிக்கும், முகத்தைச் சுளிக்கும், கையைக் காலை உதறும். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் கிட்டத்தட்ட பாதி இப்படி அசைகிற தூக்கம்தான். அசைந்த உடனே அழுகிறது என்று நினைத்து நாம் தூக்கிவிட்டால், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை நாமே எழுப்பியதாகிவிடும்.

ஆயா சொன்ன இரண்டாவது பாதி, அந்த 'பக்கத்துல', இருக்கிறதே, அதைப் பற்றித்தான் உலகம் முழுக்க டாக்டர்கள் முப்பது வருஷத்துக்கு மேலாக விவாதிக்கிறார்கள். பக்கம் என்றால் எவ்வளவு பக்கம்? ஒரே அறையா, ஒரே படுக்கையா, ஒரே போர்வையா? நம் ஊர் வீடுகளில் இந்தக் கேள்வியை யாரும் இப்படிப் பிரித்துக் கேட்பதில்லை. பிள்ளை அம்மாகூடத்தான் தூங்கும், அதில் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால்தான் நம்மிடம் எது ஏற்கெனவே நன்றாக இருக்கிறது, எது நம் கண்முன்னே மாறிப்போய் ஆபத்தாக ஆகியிருக்கிறது என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் டாக்டர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பார்ப்போம். எந்த நோயும் இல்லாமல் நன்றாக இருந்த குழந்தை தூங்கப் போட்ட இடத்திலேயே இறந்துபோவது. எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் காரணம் பிடிபடாவிட்டால் அதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். அமெரிக்காவில் தூக்கத்தோடு தொடர்புடைய இந்த மாதிரி மரணங்கள் வருஷத்துக்குச் சுமார் 3,500. இரண்டாவது மாதத்திலிருந்து நாலாவது மாதம் வரைக்கும்தான் அதிகம், 90 சதவீதம் ஆறு மாதம் முடிவதற்குள் நடந்துவிடுகிறது. நம் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து, மூன்றாவது மாதமோ ஐந்தாவது மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகிறோம். பிள்ளை படுக்கிற இடமும் பார்த்துக்கொள்கிற ஆட்களும் மாறுகிற அந்தச் சமயம், இந்த ஆபத்துக் காலத்துக்குள்ளேயே வருகிறது.

ஏன் நடக்கிறது என்பதற்கு 1994-ல் ஃபிலியானோ, கின்னி என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். இன்றைக்கும் அதைத்தான் எல்லோரும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் சேர வேண்டும். குழந்தைக்குள்ளேயே வெளியில் தெரியாத ஒரு பலவீனம், அந்தக் குறிப்பிட்ட வயது, அப்புறம் வெளியிலிருந்து ஒரு நெருக்கடி. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவதுதான் நம் கையில் இருக்கிறது: குப்புறப் படுக்க வைத்தது, முகம் புதைகிற மாதிரி மெத்தை, தலையை மூடிய துணி, புகை, அளவுக்கு மீறிய சூடு. பெரியவர்களுக்கு மூச்சு முட்டினால் தூக்கத்திலேயே தலையைத் திருப்பிவிடுவோம், இல்லை விழித்துவிடுவோம். இந்தக் குழந்தைகளுக்கு அந்த விழிப்பு வருவதில்லை. தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு அப்படியே கிடந்துவிடுகிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் பக்கத்தில் படுப்பது ஏன் நல்லது என்பதும் புரியும். தனி அறையில், கதவு சாத்தி, சத்தமே இல்லாமல் தூங்குகிற குழந்தை ஆழமாகத் தூங்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் ஆறு மாதத்தில் அவ்வளவு ஆழமான தூக்கம் குழந்தைக்கு நல்லதில்லை. அம்மா புரள்கிற சத்தம், அப்பா இருமுவது, ஃபேன் ஓடுவது எல்லாம் குழந்தையை லேசான தூக்கத்திலேயே வைத்திருக்கும், ஒன்று ஆனாலும் நமக்கு உடனே காதில் விழும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் சொன்னது, 2022-ல் திரும்பவும் சொன்னது இதைத்தான்: குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே குழந்தை தூங்கட்டும், இதனால் ஆபத்து பாதி வரைக்கும் குறையலாம். அங்கே இதை அறிவுரையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நூறு வருஷத்துக்கு மேலாகக் குழந்தையைத் தனி அறையில் போட்டுப் பழக்குவதுதான் நல்ல வளர்ப்பு என்று அங்கே சொல்லி வந்திருக்கிறார்கள். நம் ஆயாக்களுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஆனால் அந்தச் சங்கம் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறது. அறை ஒன்றாக இருக்கலாம், படுக்கை வேறாக இருக்க வேண்டும். நமக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஆயா காலத்தில் குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் வீட்டில் கட்டில் இருந்தாலும் பிள்ளை பெற்றவள் தரையில்தான் படுப்பாள். கோரைப்பாய், அதன்மேல் ஒரு பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து விரித்திருப்பார்கள். அவ்வளவுதான். பாய் கெட்டியானது, சமமானது, முகம் புதையாது, கீழே விழ இடமில்லை, சுவருக்கும் படுக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற சந்தும் இல்லை. பாதுகாப்பான படுக்கைக்கு இன்றைக்கு என்னென்ன கேட்கிறார்களோ அதில் முக்கால்வாசி அந்தப் பாயில் இருக்கிறது. தகப்பன் திண்ணையிலோ மாடியிலோ படுத்துவிடுவார், அதனால் பிள்ளைக்கு ஒரு பக்கம்தான் ஆள். அந்த ஏற்பாட்டை யாரும் யோசித்துச் செய்யவில்லை. ஆனாலும் சரியாக அமைந்திருந்தது.

இப்போது என்ன ஆகியிருக்கிறது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். வயிற்றில் தையல் போட்டவளுக்குத் தரையிலிருந்து எழுவது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும், முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு முறையும் அம்மா கை கொடுத்துத்தான் எழுந்தேன். அதனால் கட்டில் வந்தது. கட்டிலோடு ஃபோம் மெத்தை வந்தது, அதன்மேல் இரண்டு தலையணை, கனமான போர்வை, நடுவில் பிள்ளை, இரண்டு பக்கமும் பெரியவர்கள். பாயில் பக்கத்தில் படுப்பதும் இந்தக் கட்டிலில் பக்கத்தில் படுப்பதும் ஒன்றே என்று நினைக்கிறோம். கனமான ஆள் படுத்த இடத்தில் மெத்தை பள்ளமாகும், சின்ன உடம்பு அந்தப் பள்ளத்தை நோக்கித் தானாக உருளும். பாயில் இப்படி நடக்காது.

அதற்காக அம்மாவும் பிள்ளையும் ஒரே படுக்கையில் தூங்கவே கூடாது என்று சொல்லிவிட முடியுமா? ஆராய்ச்சி செய்தவர்களுக்குள்ளேயே இதில் சண்டை இருக்கிறது. 2013-ல் வந்த ஓர் ஆய்வு, பெற்றோர் புகைக்காவிட்டாலும், அம்மா தாய்ப்பால் கொடுத்தாலும், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை ஒரே படுக்கையில் படுத்தால் ஆபத்து ஐந்து மடங்கு என்றது. அடுத்த வருஷமே இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக் குழு வேறு கணக்கு காட்டியது: சோபாவில் குழந்தையோடு தூங்கினால் 18 மடங்கு, குடித்துவிட்டுப் பக்கத்தில் படுத்தால் 18 மடங்கு, புகைக்கிறவர் பக்கத்தில் படுத்தாலும் ஆபத்து பல மடங்கு, இவை எதுவுமே இல்லாத வீட்டில் ஒரே படுக்கையால் மட்டும் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. என் மனசு இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஆனால் பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்வரை முதல் ஆய்வையும் காதில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது பக்கம் சாய்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்று ஓர் ஊர், பாகிஸ்தானிலிருந்து போன குடும்பங்கள் நிறைய. நம்மைப் போலவே அவர்களும் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத்தான் தூங்குகிறார்கள். அந்த ஊர் வெள்ளைக்காரக் குழந்தைகளைவிட இவர்கள் பிள்ளைகளுக்குத் திடீர் மரணம் குறைவு. ஏன் என்று டர்ஹாம் பல்கலைக்கழகத்து ஹெலன் பால் குழு அந்த ஊர்க் குடும்பங்களிடம் போனில் கேட்டு 2012-ல் எழுதியது. அந்த அம்மாக்கள் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, பிள்ளையோடு சோபாவில் தூங்குவதில்லை, தனியறையில் விடுவதில்லை, தாய்ப்பால் அதிகம். அவர்கள் வீட்டிலும் தலையணை, கனத்த போர்வை என்று தவறுகள் இருந்தன, ஆனால் பெரிய ஆபத்துகள் இல்லை. இரண்டு மாதமாவது தாய்ப்பால் குடித்த குழந்தைக்கு இந்த ஆபத்து கிட்டத்தட்ட பாதியாகிறது என்பது 2017-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் தெரியவந்தது.

இதே ஹெலன் பாலும், அமெரிக்காவில் ஜேம்ஸ் மெக்கென்னாவும் ராத்திரியில் கேமரா வைத்து அம்மாக்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார்கள். பால் கொடுக்கிற அம்மா யாரும் சொல்லித்தராமலே ஒருக்களித்துப் படுக்கிறாள், முழங்காலை மடக்கிப் பிள்ளையின் காலுக்குக் கீழே அணை மாதிரி வைக்கிறாள், கையைப் பிள்ளையின் தலைக்கு மேலே வளைத்துக்கொள்கிறாள். பிள்ளை மார்புக்கு நேரே இருக்கும், தலையணைக்குப் பக்கத்தில் வராது. நான் அப்படித்தான் படுத்திருந்தேன் என்று என் அம்மா எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. புட்டிப்பால் கொடுக்கிறவர்கள் பிள்ளையைத் தலையணை உயரத்துக்கு மேலே வைத்துக்கொள்கிறார்கள் என்றும் கண்டார்கள். அவர்களுக்குத் தனிப் படுக்கைதான் நல்லது.

அந்தக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே ஒத்துக்கொள்கிற ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ராத்திரி பால் கொடுக்கும்போது தூக்கம் வந்துவிடும் என்று தோன்றினால் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்காராதீர்கள். தலையணை, போர்வையெல்லாம் ஒதுக்கிய படுக்கையில் கொடுங்கள், அதுதான் ஆபத்து குறைவு. "பக்கத்தில் படுக்காதே" என்று பயமுறுத்தினால் அந்தப் பெண் ஹாலில் சோபாவில் போய் உட்கார்ந்து பால் கொடுத்து அங்கேயே கண் அசந்துவிடுவாள்.

இப்போது எங்கள் ஊர்ப் பேச்சுக்கு வருகிறேன். வடஆற்காடு என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்கிற இந்தப் பகுதியில், வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு என்று எங்கே போனாலும் பீடி சுற்றுகிற வீடுகள் உண்டு. என் பெரியம்மா வீடும் அப்படித்தான். மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும், ஒரு கால் கட்டைவிரலில் தூளிக் கயிறு, கை பீடி சுற்றும், கால் பிள்ளையை ஆட்டும். நாள் முழுக்க இப்படி உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் இவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ராத்திரி அதே ஒற்றை அறையில் தூள் மூட்டையும் இலைக் கட்டும் ஒரு மூலையில், பிள்ளை இன்னொரு மூலையில் என்பதை மாற்ற முடிந்தால் மாற்ற வேண்டும், தாழ்வாரத்துக்கோ பரண்மேலோ போகட்டும். அதைவிடப் பெரிய விஷயம் புகை. திடீர் சிசு மரணத்துக்குக் குப்புறப் படுக்க வைப்பதற்கு அடுத்து நிறைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது வீட்டில் யாராவது புகைப்பதுதான். "நான் வெளியில போய்த்தானே குடிக்கிறேன்" என்று ஆண்கள் சொல்வார்கள். சட்டையிலும் தாடியிலும் மூச்சிலும் அது உள்ளே வரும். பீடியோ சிகரெட்டோ குடிக்கிற அப்பா பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கக்கூடாது. இதில் எந்த ஆய்வுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ராத்திரி சரக்கு போட்டவருக்கும் இதே சட்டம்தான், அன்றைக்கு அவர் படுக்கை வேறு அறையில். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தை, தூக்கம் வருகிற மாத்திரை சாப்பிடுகிற அம்மா, இவர்களும் தனிப் படுக்கைதான்.

தனிப் படுக்கை என்றதும் ஆயிரக்கணக்கில் பணம் போட்டு மரத்தொட்டில் வாங்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் மாவோரி என்ற பூர்வகுடி மக்களிடம் இந்த மரணம் ரொம்ப அதிகமாக இருந்தது. கர்ப்ப காலத்தில் புகைக்கிற வழக்கமும், பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்குகிற வழக்கமும் அவர்களிடம் சேர்ந்து இருந்தன. பக்கத்தில் படுக்காதே என்று எவ்வளவு சொன்னாலும் அவர்கள் கேட்கவில்லை, அது அவர்களுக்குப் பாசத்தை விடச் சொல்கிற மாதிரி இருந்தது. டேவிட் டிபெனே-லீச் என்ற மாவோரி மருத்துவரும் கூடை பின்னுகிற பெண்களும் சேர்ந்து 2006-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஊர் நார்ச்செடியில் பின்னிய ஆழமில்லாத சின்னக் கூடை, பெயர் வஹாகுரா. அதில் பிள்ளையைப் போட்டு அதைப் பெற்றோர் படுக்கைமேலேயே வைத்துக்கொள்ளலாம். கை எட்டும், மூச்சு கேட்கும், ஆனால் யாரும் மேலே புரள முடியாது. இந்த மாதிரிப் படுக்கைகளை அந்த நாட்டில் பரவலாகக் கொடுத்த பிறகு, 2009-க்கும் 2015-க்கும் நடுவில் முதல் வாரம் தாண்டிய சிசுக்களின் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. குறைந்ததில் பெரும்பங்கு மாவோரிக் குழந்தைகள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு முறம்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 2015-லிருந்து தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பெற்றவர்களுக்கு 16 பொருள் வைத்து ஒரு பெட்டகம் கொடுக்கிறார்கள். அதில் சின்னப் படுக்கையும் கொசுவலையும் உண்டு. நிறைய வீடுகளில் அந்தப் படுக்கையைப் பத்திரமாகப் பீரோமேல் ஏற்றி வைத்துவிட்டு, சொந்தக்காரர் வாங்கி வந்த பளபளப்பான குஷன் படுக்கையில் பிள்ளையைப் போடுகிறார்கள். இறக்குங்கள். தரையில் உங்கள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி அதைப் போட்டு, கொசுவலையைக் கவிழ்த்தால் முடிந்தது. வலை பிள்ளை முகத்தில் படாமல் விறைப்பாக நிற்க வேண்டும், அது ஒன்றுதான் கவனம். டெங்கு வருகிற ஊரில் கொசுவர்த்திப் புகையைவிட வலை எவ்வளவோ மேல்.

சரி, படுக்கை ஆயிற்று. அதில் எப்படிப் படுக்க வைப்பது? இதில் எனக்கும் ஆயாவுக்கும் பெரிய சண்டையே நடந்தது. "மல்லாக்கப் போட்டா பால் கக்கி பொர ஏறிக்கும், ஒருக்களிச்சிப் போடு" என்பது அவர் கட்சி. எல்லா வீட்டிலும் இதே பயம்தான், நியாயமாகத் தோன்றுகிற பயமும்கூட. ஆனால் கழுத்துக்குள் இரண்டு குழாய் இருக்கிறதை நினைத்துப் பாருங்கள். மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால் முதுகுப் பக்கம். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. எதுக்களித்து வருகிற பால் மேட்டில் ஏற வேண்டும், ஏறாமல் திரும்ப விழுங்கப்பட்டுவிடும். குப்புறக் கிடந்தால் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடும், பால் அதற்குள் இறங்குவது எளிது. நான் இரண்டு டம்ளரை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து ஆயாவுக்குக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்போ பால் குடுத்ததும் தோள்ல போட்டு ஏப்பம் வுட்டுட்டு அப்புறமாப் போடு" என்றார். அது நல்ல யோசனை, அன்றிலிருந்து அப்படியே செய்தோம்.

ஒருக்களித்துப் போடுவதில் உள்ள பிரச்சினை, பிள்ளை அதிலிருந்து குப்புற விழுந்துவிடும். குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்குகிறது என்பார்கள், உண்மைதான், அந்த அளவுக்கு மீறிய ஆழ்ந்த தூக்கம்தான் முன்னால் சொன்ன ஆபத்து. நெதர்லாந்தில் 1970-களில் டாக்டர்களே குப்புறப் போடச் சொன்னார்கள், மரணங்கள் ஏறின. 1987-ல் வேண்டாம் என்றார்கள், இறங்கின. இங்கிலாந்தில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் 'மல்லாக்கப் போடுங்கள்' என்று ஊர் முழுக்கப் பிரசாரம் செய்த பிறகு இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே வந்தன. மருந்து இல்லை, ஊசி இல்லை, படுக்க வைக்கிற விதத்தை மாற்றியதற்கே இவ்வளவு. பிள்ளை தானாகவே இரண்டு பக்கமும் புரளக் கற்றுக்கொண்ட பிறகு ராத்திரி முழுக்கத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. படுக்க வைக்கும்போது மல்லாக்க வைத்தால் போதும்.

தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வைப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பகலில் விழித்திருக்கும்போது யாராவது பக்கத்தில் இருந்தால் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள், தலையும் உருண்டையாகும், கழுத்தும் நிற்கும். ராத்திரிப் படுக்கையில் கடுகுத் தலையணையும் வேண்டாம், பக்கவாட்டில் வைக்கிற உருளைத் தலையணையும் வேண்டாம்.

தூளி விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு கேட்கவில்லை, ஏனென்றால் அதில் தூங்காத பிள்ளை எங்கள் குடும்பத்தில் இல்லை. அம்மாவின் வாசனை அடிக்கிற நூல் புடவை, வயிற்றுக்குள் இருந்த மாதிரி சுருண்டு கிடக்கிற சுகம். ஆனால் அந்தச் சுருளில்தான் தாடை நெஞ்சில் போய் இடித்து மூச்சு வழி மடங்குகிறது, பச்சைக் குழந்தைக்குத் தலையைத் தூக்கத் தெரியாது. துணி முகத்தின்மேல் மூடிக்கொண்டாலும் வெளியிலிருந்து தெரியாது. பகலில், பார்த்துக்கொண்டு ஒருவர் விழித்திருக்கும்போது ஆட்டித் தூங்க வையுங்கள். எல்லோரும் படுக்கப்போகும் நேரத்தில் பிள்ளையை இறக்கிச் சமமான இடத்தில் போட்டுவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். இறக்கும்போது முழித்துக்கொள்வாள், திரும்பப் பால், திரும்ப ஏப்பம், ஒரு மணி நேரம் போகும். கஷ்டம்தான், மறைக்கவில்லை.

அடுத்தது சூடு. அளவுக்கு மீறிய சூடும் அந்த வெளி நெருக்கடிகளில் ஒன்று என்று சொன்னேன். இங்கிலாந்தில் குழந்தை தூங்குகிற அறை 16-லிருந்து 20 டிகிரி இருக்கட்டும் என்கிறார்கள். வேலூரில் கத்திரி வெயில் நேரத்தில் பகல் 40-ஐத் தாண்டும், சுற்றியிருக்கிற பாறை மலைகள் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியில் கக்கும், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை விடியற்காலை வரை அனலாக இருக்கும். இந்த ஊரில் பிள்ளைக்கு "காத்து பூந்துக்கும்" என்று குல்லா, சாக்ஸ், கையுறை, ஸ்வெட்டர், அதன்மேல் சுற்றிய டர்க்கி டவல். குழந்தை தன் சூட்டை அதிகம் வெளியேற்றுவதே தலை வழியாகத்தான், அதை மூடிவிட்டால் வேறு வழி இல்லை. பிடரியிலோ நெஞ்சிலோ கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணி அதிகம். உள்ளங்கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அது எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று, ஃபேன் நேராக முகத்தில் அடிக்காமல் ஓடட்டும். ஏசி இருந்தால் 26, 27-ல் வைத்துச் சட்டையோடு விட்டால் போதும். குளிப்பாட்டிய பிறகு போடுகிற சாம்பிராணியைப் பிள்ளை தூங்குகிற அறையில் போடாதீர்கள், அதுவும் புகைதான்.

எவ்வளவு நாள் இப்படி? ஆறு மாதம் வரைக்கும் ஒரே அறை என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அதற்கு மேலே போவது பற்றி 2017-ல் அமெரிக்காவில் இயன் பால் என்ற மருத்துவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். 9 மாதத்திலும் பெற்றோர் அறையில் தூங்குகிற குழந்தைகள், சீக்கிரமே தனி அறைக்குப் போன குழந்தைகளைவிட ராத்திரி 40 நிமிஷம் குறைவாகத் தூங்குகிறார்கள், நடு ராத்திரியில் எழுந்தால் பெற்றோர் அவர்களைத் தங்கள் படுக்கைக்கே தூக்கிக்கொள்வதும் அதிகம் என்றது அது. தூக்கம் கெடுவது உண்மை, ஒருவர் அசைந்தால் எல்லோரும் எழுவோம். ஆனால் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது, ஆறு மாதம் ஆனாலும் ஆறு வயசு ஆனாலும் அதே அறைதான். அவர்கள் இதைப் படித்து வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் திடீர் மரண ஆபத்து ரொம்பவே குறைந்துவிடும், அப்போது கவலைப்பட வேண்டியது கட்டிலிலிருந்து விழுவதைப் பற்றித்தான்.

இந்த ஆறு மாதம் யார் தூக்கத்தில் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பால் கொடுக்கிற உடம்பு, காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்கவும் எழ வேண்டும் என்றால் அந்த உடம்பு எங்கேயாவது உட்கார்ந்த இடத்தில் தூங்கித்தான் போகும், கையில் பிள்ளையோடு. முன்னால் சொன்ன சோபா ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது. 2017-லிருந்து சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு, அது சரியாக ஆறு மாதம். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து ஒரு வருஷம். பீடி சுற்றுகிற, கைத்தறி நெய்கிற, கூலிக்குப் போகிற பெண்களில் பெரும்பாலோருக்கு அப்படி வீட்டில் இருக்க வழி கிடையாது. அவர்கள் வீட்டில் பகலில் ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்ல ஒரு ஆள் இருந்தால், ராத்திரி அந்தப் பிள்ளைக்கு அது எந்தத் தொட்டிலையும்விடப் பெரிய பாதுகாப்பு. தகப்பன்மார் மாடியில் போய்ப் படுத்துக்கொள்கிற காலம் போதும். பால் கொடுக்க முடியாதே தவிர, ஏப்பம் விட வைக்கலாம், துணி மாற்றலாம், பிள்ளையை அதன் படுக்கையில் திரும்ப மல்லாக்கப் போடலாம்.

ஐந்தாவது மாதம் சத்துவாச்சாரிக்கு, என் மாமியார் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இதையெல்லாம் போனில் அத்தையிடம் சொல்லிவிட்டேன். போய் இறங்கியபோது படுக்கையறையில் கட்டிலைக் கழற்றி மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். தரையில் இரண்டு பாய், நடுவில் ஒரு முழம் இடம் விட்டு அந்தச் சின்னப் படுக்கைக்கு. ஜன்னல் பக்கம் ஃபேன் காற்று வருகிற இடமாகப் பார்த்துப் பிள்ளைக்கு ஒதுக்கியிருந்தார் என் மாமனார். பாக்கெட்டிலிருந்த பீடிக்கட்டை அன்றைக்கு வாசல் மாடத்தில் வைத்துவிட்டு, கை கால் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்துதான் பேத்தியைக் கையில் வாங்கினார்.